பருத்திக்கொட்டைக் கண் வைத்த மயில்

மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வீடு தேடி வந்த ஒரு பெரியவரிடம், முகூர்த்தம் எந்த மண்டபத்தில் என்று கேட்பதற்கு முன்னால், "இது எத்தனை ஜிஎஸ்எம் அட்டைங்க?" என்று அட்டையின் கனத்தைக் கேட்டவன் நான். அவர் பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குங்குமச் சிமிழைத் திறந்து வைத்திருந்தார். அதற்குள் என் கட்டைவிரல் அட்டையின் ஓரத்தை வளைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வளைத்தால் கீறல் விழாமல் திரும்ப நிமிர்கிற அட்டை அபூர்வம். இதைச் சொன்னால் பெண்ணைப் பெற்றவருக்குப் புரியாது. என் மனைவிக்குப் புரிந்தது. அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "பொண்ணு பேரு என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். தெரியவில்லை. அட்டை நல்ல அட்டை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. காகிதத்தோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அதைக் குப்பையில் போட மனம் வராது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். காகிதத்தோடு நின்றிருந்தால் இந்தச் சமாதானம் எடுபட்டிருக்கும். நூல் மில்லில் இருக்கும் நண்பர் தருகிற காலி அட்டைக் கோன், ஜவுளிக்கடைப் பையின் கயிறு, ஸ்வீட் பெட்டியின் தங்க நிற மூடி, புதுச் சட்டைக் காலருக்குள் வரும் வளையம், எதையும் நான் விடுவதில்லை. கணபதியில் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒரு லேத் பட்டறை. மிஷின் துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் நல்ல நிறத் துண்டுகளைப் பட்டறைக்காரர்கள் எனக்கென்று எடுத்து வைப்பார்கள். அதை வைத்து என்ன செய்கிறேன் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் கொண்டுவந்து காட்டிவிடுவேன் என்ற பயம்.

படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் கல்யாணப் பத்திரிகைகள். அவற்றில் சில தம்பதிகள் பிரிந்துவிட்டார்கள். பத்திரிகைகள் ஒற்றுமையாக இருக்கின்றன.

இவற்றைக் கொண்டு நான் படைத்தவை எங்கள் வீட்டில் ஆங்காங்கே உண்டு. பத்திரிகை அட்டையை மெல்லிய நாடாக்களாக வெட்டி, ஊசியில் உருட்டி, மணியாக்கிக் கோத்த வாசல் திரை ஒன்று. கோனில் செய்த பேனா ஸ்டாண்ட் ஒன்று, பார்த்தால் மூடிப்போன மில்லின் புகைபோக்கி மாதிரி இருக்கும். ஒரு விளக்குக் கூடு இருந்தது. விளக்கைப் போட்டால் எதிர்ச் சுவரில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தலைகீழாகத் தெரியும். மின்சாரம் போன நேரத்தில் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வாசல் திரையைப் பற்றி மனைவிக்கு நியாயமான வருத்தம் உண்டு. "நீங்க மணியா உருட்டுனீங்களே, அந்தப் பத்திரிகைப் பொண்ணு டைவர்ஸாகி வந்து அவிய ஊட்லயே இருக்குதுங்க. அவிய அப்பா நம்ம ஊட்டுக்கு வாராரு. வந்து குனிஞ்சு உள்ள நொழையறப்ப மூக்குக்கு நேரா மாப்ள பேரு தொங்குது. உங்களுக்கு வேற மணியே கெடைக்கலீங்களா?"

இப்படிப்பட்டவனுக்கு ஒரு தங்கை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டத்தின் நடுவில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் காலமாகிவிட்டார். மாமியார்தான் அந்த வீட்டில் எல்லாம். கணவனும் மனைவியும் அதே தோட்டத்தில் தங்களுக்கென்று ஒரு புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். பெண் புது வீடு குடிபோகும்போது பிறந்த வீட்டிலிருந்து சீர் போகவேண்டும். பழம், தேங்காய், இனிப்பு, பித்தளைப் பாத்திரம், பட்டுச் சேலை, வேட்டி எல்லாம் தட்டுத் தட்டாகத் தவில் நாயனத்தோடு போகும். அப்பா அம்மா இல்லாத எங்கள் வீட்டில் சீர் கொண்டுபோக வேண்டியவன் நான். இப்போதெல்லாம் அந்தத் தட்டுகளை அலங்கரித்துத் தருவதற்கென்றே ஊர் முழுக்கக் கடைகள். கண்ணாடிப் பேப்பர் சுற்றி, ஜிகினா ஒட்டி, ஆப்பிளுக்கு நடுவில் ஒரு பொம்மையை நட்டுவைத்துத் தருவார்கள்.

விசேஷத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தங்கை போன் செய்தாள்.

"ஏனுங்ணா, சீருத் தட்டுக்குக் கடையில சொல்லீட்டீங்களா?"

"கடை எதுக்கு அம்மணி? நானே செய்யறேன்."

சற்று நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "போன வருசம் எங்க ஓரகத்தி ஊடு குடிபோனப்ப அவிய பொறந்த ஊட்ல இருந்து எப்பிடிக் கொண்டாந்தாங்கன்னு நீங்களும் பாத்தீங்கல்ல. ஒவ்வொரு தட்டும் கண்ணாடிப் பொட்டிக்குள்ள. லைட்டு வேற எரிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் ஒறம்பரை, சொந்தபந்தம்னு யாரு வந்தாலும் அந்தப் பேச்சுத்தான். நம்மூட்டுச் சீரு அதுக்கு மேல இருக்கோணும்னு நான் சொல்லலீங்ணா. கீழ போயிறக் கூடாது. அவ்வளவுதான்."

"கீழ எதுக்குப் போகுது?"

"நீங்க அட்டையில கிட்டையில எதாச்சும் செஞ்சு கொண்டாந்தா எங்க அத்தை ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. எனக்கு அதுதானுங்ணா பயமே. ஒண்ணுஞ் சொல்லாமப் பாத்துட்டே நிப்பாங்க. நான் இன்னும் முப்பது வருசம் இங்க குடித்தனம் பண்ணோணும்."

அவள் அத்தையின் அந்த மௌனத்தை நானும் அறிவேன். கல்யாணத்தின்போது நான் வாழ்த்துரை என்று ஒன்றை வாசித்தேன். அந்தம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து அப்படித்தான் பார்த்தார். நடுவில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தெர்மாகோலையும் ஜிகினாவையும் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். உழைப்பும் கலையும் சேர்ந்த பரிசு என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். கடைசியில் என் மனைவி போனை வாங்கிப் பேசி, இரண்டு தரப்புக்கும் ஒத்துவருகிற ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாத் தட்டும் கடையில். பட்டுச் சேலையும் வேட்டியும் வைக்கிற ஒரே ஒரு தட்டு என்னுடையது. தங்கை பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. "ஒண்ணுதானுங்களே அண்ணி, சமாளிச்சுக்கலாம்" என்றாளாம்.

அந்த ஒரு தட்டில் ஒரு மயில் என்று தீர்மானித்தேன். சேலைக்கும் வேட்டிக்கும் பின்னால் தோகை விரித்து நிற்கும். பச்சையும் நீலமுமாக எத்தனையோ பத்திரிகைகள் என்னிடம் இருந்தன. தங்க எழுத்துள்ள இடங்களாகப் பார்த்து இறகு வெட்டினால் இறகின் நடுவில் கண் தானாக அமைந்துவிடும். கழுத்துக்கு நூல் கோன். உடம்புக்குப் பனியன் வேஸ்ட்டில் தைத்த பை, உள்ளே பழைய பேப்பர். எல்லாம் சும்மா கிடைத்தவை. கையைவிட்டு ஒரு காசு போகாமல் ஒரு மயில்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பைண்டிங் செய்கிறவர்கள் காய்ச்சுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஒரு சிட்டிகை துத்தம் போடுவார்கள். துத்தம் விஷம். பூச்சி, எறும்பு, எலி எதுவும் கிட்டே வராது. சீர்த்தட்டில் விஷம் எதற்கு என்று நான் துத்தத்தை விட்டுவிட்டேன். அப்போது அது எனக்கு மிகப் பொறுப்பான முடிவாகத் தெரிந்தது.

முதல் மயில் தோகையை மாட்டியதும் முகங்குப்புற விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மல்லாக்க விழுந்தது. பேப்பருக்குக் கனம் போதவில்லை. மணல் போடலாம் என்றால் தட்டில் சிந்தினால் சேலை பாழ். யோசித்தபடி தெருமுனை மாட்டுத் தீவனக் கடையைக் கடந்தபோது மூட்டையில் தவிடு கண்ணில் பட்டது. கனமும் உண்டு, மெத்தென்றும் இருக்கும், சிந்தினாலும் தட்டிவிடலாம்.

"எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மாடு இல்லீங்க. ஒரு மயிலு."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தவிட்டை நிறுத்தார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு தட்டத்தில் மாதிரிக்கு வைத்திருந்த பருத்திக்கொட்டை எனக்குப் பிடித்துப்போனது. சின்னதாக, கறுப்பாக, ஓரத்தில் லேசாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டு, அப்படியே பறவையின் கண். இரண்டு கொட்டை கேட்டேன். "எடுத்துக்கங்க" என்றார், குரலில் அனுதாபத்தோடு. கொண்டைக்கு என்ன செய்வது என்ற பிரச்சினையும் அங்கேயே தீர்ந்தது. கடை வாசலில் உதிர்ந்து கிடந்த காய்ந்த சோளத்தட்டில், அதாவது சோளத் தாளில், நுனியாகப் பார்த்துக் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டேன்.

கடைசியாகப் பளபளப்பு. வார்னிஷ் அடித்தால் வாடை வரும். எங்கள் வீட்டில் காட்டன் சேலைக்குப் போடும் சோற்றுக் கஞ்சியை வடிகட்டி, தோகை முழுக்க இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்தேன். இறகெல்லாம் மொடமொடவென்று நிமிர்ந்து நின்றன. எறும்பு வந்தது. தட்டைத் தண்ணீர்க் கிண்ணங்களின் மேல் தூக்கி வைத்தேன். இந்த எறும்பு ஏதோ சொல்ல வருகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் தாத்தா பாட்டன் எல்லோரும் மாட்டுக்குப் பிறகுதான் மனிதருக்குச் சோறு என்று வாழ்ந்தவர்கள். புத்தகத்தோடு பழகியதில் எனக்கு அந்த அறிவு மட்டும் அறவே போயிருந்தது.

மயிலை மடியில் வைத்துக்கொண்டு மனைவி காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கடைத் தட்டுகள் டிக்கியிலும் முன்சீட்டிலும். வழியில் டீக்கு நிறுத்திய இடத்தில் கடைக்காரர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "கின்னிக்கோழி நல்லா வளந்துருக்குதுங்க" என்றார். மனைவி மறுக்கவில்லை. அவள் பேச்சை விட்டு வெகுநேரமாகியிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமியார் புது வீட்டில் மாவிலை கட்டச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். தங்கை ஓடி வந்தாள். கடைத் தட்டுகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு மயிலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தோகையில் சாய்ந்திருந்த ஓர் இறகை நிமிர்த்தினாள். அது மறுபடி சாய்ந்தது.

"நல்லா இருக்குதுங்ணா" என்றாள். "தண்ணி குடிக்கறீங்களா?"

"மயிலு எப்படின்னு சொல்லு கண்ணு."

"அதான் சொன்னேனுங்ளே." தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். "இதுல என்னென்னங்ணா போட்டிருக்கீங்க?"

என் கைவேலையைப் பற்றி அவள் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. உற்சாகமாக விளக்கினேன். மைதாப் பசை, துத்தம் போடாதது, சோளத்தட்டுக் கொண்டை, பருத்திக்கொட்டைக் கண், கஞ்சிப் பூச்சு. ஒவ்வொன்றையும் அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"உள்ள தவிடுங்களா?"

"தவிடுதான்."

"அரிசித் தவிடா, கோதுமைத் தவிடா?"

"கோதுமைத் தவிடு."

"புதுசுங்களா?"

இத்தனை நுணுக்கமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. கலை தெரிந்தவள் என் தங்கைதான் என்று அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள் அவள்.

மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். தவிலும் நாயனமும் முன்னால் போகத் தட்டுகளை ஏந்திக்கொண்டு போனோம். நான் மயில் தட்டைச் சுமந்தேன். வழி நெடுக ஒறம்பரை நின்று பார்த்தார்கள். "அது என்னங்க, பொறாவுங்களா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "சேவலாட்ட இருக்குது" என்றது இன்னொன்று. தங்கையின் ஓரகத்தி கையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தோள் குலுங்கியது. எனக்குப் பக்கத்தில் நடந்து வந்த தங்கையின் முகத்தைப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமுமாக நேராகப் பார்த்தபடி வந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான், நான் கையில் ஏந்தி வருவது என் மயிலை அல்ல, அவளுடைய முப்பது வருஷத்தை என்று உறைத்தது. பேசாமல் கால் இடறி விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் தரை சமமாகப் போடப்பட்டிருந்தது. மாப்பிள்ளை நல்ல கொத்தனாராகப் பிடித்திருந்தார்.

புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போகவேண்டும். அந்த வீட்டு வழக்கப்படி கோபூஜை முடியும்வரை அவை கூடத்திலேயே நிற்கும். மாடு சாணி போட்டாலும் மூத்திரம் பெய்தாலும் நல்ல சகுனம். அதட்டக்கூடாது, கயிற்றைச் சுண்டி இழுக்கக்கூடாது. நெற்றியில் பொட்டும் கொம்பில் பூவுமாக அந்தச் செவலைப் பசு புது டைல்ஸ் மேல் நின்று, நாங்கள் உள்ளே நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டுகளை வாங்கி வரிசையாக அடுக்கியவள் தங்கைதான். கடைத் தட்டுகளைச் சுவரோரமாக வைத்தாள். என் தட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், கூடத்துக்கு நடுவில், பசுவுக்கு நேர் எதிரில் வைத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு முதல் மரியாதை. கண் கலங்கிவிட்டது.

அவள் மாமியார் வந்தார். வெள்ளைச் சேலையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மயிலின் முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார்கள். தங்கை சொன்ன அந்த மௌனம் இதுதான்.

அப்போது பசு ஓர் அடி முன்னால் வைத்தது. மூச்சு விட்டது. நாக்கை நீட்டித் தோகையின் வலது ஓரத்தை ஒருமுறை நக்கியது. சற்று நின்றது. பிறகு அந்தப் பக்கத்து இறகுகள் எல்லாவற்றையும் ஒரே வாயில் இழுத்தது.

நான் பாய்ந்தேன். ஐயர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்கோ, இருங்கோ. கோமாதா தானா வந்து எடுத்துக்கறா. தடுக்கப்படாது."

"ஐயா, அது மயிலுங்க."

"எதுவா வேணா இருக்கட்டும்."

நாயனக்காரர் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்துக் கெட்டிமேளத்துக்குக் கண்ணைக் காட்டினார். தவில் முழங்கப் பசு என் இடது தோகையையும் தின்றது. எத்தனையோ தம்பதிகளின் பெயர்கள் மொறுமொறுவென்று உள்ளே போயின. பிறகு கொண்டை. பிறகு தலை. வலது கண்ணை மட்டும் தனியாக நாவால் எடுத்துச் சுவைத்ததைப் பார்த்தேன். அடுத்ததாக வயிற்றை ஒரு முட்டு முட்டியது. பனியன் துணி கிழிந்து தவிடு கொட்டியது. கன்றும் வந்து சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை குனிந்து மாட்டின் வாயிலிருந்து துணியை மட்டும் பக்குவமாக உருவி எடுத்தார். "நீங்க பதறாதீங்க மச்சான். மாடு நல்லா ருசிச்சுத் திங்குது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மாமியார் நிதானமாகக் குனிந்து, பட்டுச் சேலையையும் வேட்டியையும் தட்டிலிருந்து எடுத்துத் தூசு தட்டித் தங்கையின் கையில் கொடுத்தார்.

மேளம் நின்றது. தட்டில் ஒரு கோன் மட்டும் கிடந்தது. பசு அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது.

மாமியார் ஒரு பருத்திக்கொட்டையைத் தரையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அது இடது கண். கொஞ்சம் தவிட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதென்னங் தம்பி, பருத்திக்கொட்டையா?"

"ஆமாங்கத்தை."

"தவிடு. சோளத்தட்டு. கஞ்சி வாசமும் அடிக்குது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாட்டுக்குன்னே செஞ்சு கொண்டாந்தீங்களா?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நூலகத்தில் அப்படிப்பட்டவர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் உண்டு. தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்கத்தை" என்றேன்.

அவர் முகம் மெல்ல விரிந்தது. அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒறம்பரைப் பக்கம் திரும்பினார்.

"நானும் எத்தனையோ ஊட்டுச் சீரு பாத்தாச்சு. கண்ணாடிப் பொட்டி பாத்தாச்சு, லைட்டுப் பாத்தாச்சு. எல்லாரும் மனுசனுக்குத்தாங் கொண்டாருவாங்க. வாயில்லாத சீவனுக்கும் பசிக்கும்னு நெனச்சுச் சீரு கொண்டாந்தது எங்க சின்னவ பொறந்த ஊடுதான்." என்னிடம் திரும்பி, "நல்லாருக்கோணுங் கண்ணு" என்றார்.

அதோடு முடிந்தது. கூடம் முழுக்க ஒரே பேச்சு. 'கண்ணாடிப் பெட்டி' என்ற சொல் விழுந்த இடத்தில் ஓரகத்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பந்தியில் எனக்கு இலை போட்டவர்கள் கேட்காமலே இரண்டாவது தடவை கேசரி வைத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் வந்து நின்று, "தையில எங்களுதும் புது ஊடு குடி போறமுங்க. எனக்கும் ஒண்ணு இந்த மாதிரி செஞ்சு குடுங்க. எங்களுது ரெண்டு எருமைங்க, கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றார். விலாசம் வாங்கிக்கொண்டேன். கை கழுவும் இடத்தில் தங்கை வந்து துண்டை நீட்டினாள். கல்யாணமாகிப் போனபிறகு அவள் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். பொருளை அதன் இயல்புக்கு விட்டால் அதுவே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்பது மாதிரி ஏதோ. பாதியில் மனைவி தூங்கிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கைக்குப் போன் செய்தேன். அதற்குள் எருமைக்காரருக்கான வேலையைத் தொடங்கியிருந்தேன். யானை. துதிக்கைக்கு மூன்று கோன். விவரமெல்லாம் சொன்னேன்.

"அண்ணா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள். "கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"அன்னிக்குக் காலைல மாட்டுக்குத் தீனி வெக்கலீங்ணா."

"விசேஷ அவசரத்துல மறந்துட்டயா?"

"மறப்பனுங்களா? மொத நாள் பொழுதோடவே வெக்கலீங்க. தீனி வெக்கக் கட்டுத்தரைக்குப் போன ஆளையும் நாந்தான் வேண்டாம்னு திருப்பி அனுப்புனேன். தட்டையும் மாட்டுக்கு எட்டற மாதிரி நாந்தான் நகத்தி வெச்சேன். அந்த மயிலப் பாத்ததுக்கப்பறம் எனக்கு வேற வழி தெரியலீங்ணா."

மேஜை மேலிருந்த துதிக்கைக் கோன் ஒன்றை எடுத்து, சுற்றிப் பார்த்து, திரும்பக் கீழே வைத்தேன். இந்தத் தடவை அவள்தான் சிக்னலைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "அண்ணா? இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன். "அப்ப இந்த யானையைச் செய்யட்டுமா, வேண்டாமா?"

"தாராளமாச் செய்ங்ணா" என்றாள் தங்கை. "தவிடு மட்டும் நெறையாப் போட்டுருங்க."